கோபுரங்கள் யாருக்காக?

உயரமான ஒன்றைக் கண்டால் அண்ணாந்து பார்ப்பது மாந்தர் இயல்பு. மலையைக் கண்டு வியந்த மனிதன், மலையில்லாத ஊரில் தானே ஒரு மலையை எழுப்பிக்கொண்டான். கோயில்களின் கோபுரங்கள், பள்ளிவாசல்களின் மினாராக்கள், தேவாலயங்களின் கூம்புகள், துறைமுகங்களின் கலங்கரை விளக்கங்கள் ஆகிய யாவும் இவ்வாறு எழுந்தவையே. இருபதாம் நூற்றாண்டு இவ்வரிசையில் புதிய ஒன்றைச் சேர்த்தது. அதுவே தொலைக்காட்சிக் கோபுரம். ஒளியையும் ஒலியையும் அலைகளாக்கி அனுப்புவதற்கென எழுந்த அக்கோபுரம், இன்று உலகின் பல நகரங்களில் ஊரின் அடையாளமாகவும் சுற்றுலாப் பயணிகள் திரளும் இடமாகவும் விளங்குகிறது. அத்தகைய கோபுரம் ஒன்றினைப் பற்றியும், அது நம் பகுதி மாணவர்க்கு எழுப்பும் வினாக்களைப் பற்றியும் என் கருத்தினைக் கூற விழைகின்றேன்.

இதற்குத் தூண்டுகோலாக அமைந்தது வகுப்பறை நிகழ்ச்சி ஒன்று. 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள், இரண்டாம் ஆண்டு மாணவர் சிலர் கைப்பேசியில் ஒரு படத்தைச் சூழ்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். பச்சைத் தண்டின்மீது இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த தாமரை மொட்டு ஒன்று வானளாவ நிற்பது போன்ற படம். கொழும்பு நகரின் தாமரைக் கோபுரம் அது. அம்பத்தூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் என்னை நோக்கி, "ஐயா, நம்ம பக்கத்துல இப்படிக் காட்டுறதுக்கு என்னங்கய்யா இருக்கு? ஃபேக்டரியும் லாரியுந்தான்" என்றார். அருகிலிருந்த ஆவடி மாணவர், "யாராவது எந்த ஊருன்னு கேட்டா நான் சென்னைன்னு சொல்லிடுவேன். ஆவடின்னு சொல்றதே இல்ல" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்து வளர்ந்த ஊரின் பெயரைச் சொல்லக் கூசும் இளைஞனுக்கு இலக்கியத்தில் திணையும் நிலமும் கற்பித்து என்ன பயன் என்னும் எண்ணமே மேலோங்கியது.

ஏரியல் காலம்

தொலைக்காட்சிக் கோபுரம் என்றவுடன் என் தலைமுறையினர்க்கு நினைவில் எழுவது வீட்டு மாடியில் நின்ற ஏரியலே. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சிக்கு அவ்வீடுகளின் கூடத்தில் சாதி மத வேறுபாடின்றித் தெருவே அமர்ந்திருக்கும். காற்றில் ஏரியல் திரும்பிவிட்டால் ஒருவர் மாடிக்கு ஓடுவார்.

என் அன்னையின் ஊர் கீழக்கரை. கோடை விடுமுறைக்கு அங்கே செல்லும்போது ஒரு வேறுபாட்டைக் கண்டேன். சென்னையில் ஏரியல்கள் கடற்கரைப் பக்கமிருந்த நிலையத்தை நோக்கி நிற்கும். கீழக்கரையிலோ அவை கடலுக்கு அப்பால் இலங்கையை நோக்கி நின்றன. 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கை ரூபவாகினியின் ஒளிபரப்பு, பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் கடந்து நம் தென்கரை ஊர்களுக்குத் தெளிவாக வந்துகொண்டிருந்தது. தாய்மாமன் மாடியில் மூங்கிலைப் பிடித்துத் திருப்பியவாறு, "தெரியுதா?" என்று குரல் கொடுப்பார். "இன்னும் புள்ளி புள்ளியாத்தான் இருக்கு மாமா" என்று நாங்கள் கீழிருந்து கூவுவோம். கொழும்பில் கடை வைத்திருந்த உறவினர் பலரைப் பெற்ற அவ்வூருக்கு, அந்த ஒளிபரப்பு அயல்நாட்டு ஒளிபரப்பாகத் தோன்றவில்லை. உறவு வீட்டிலிருந்து வந்த செய்தியாகவே தோன்றிற்று. அலை வந்த திசையில் ஒரு கோபுரம் இருக்கும் என்பதை அன்றே அறிவேன். அந்நாட்டின் தலைநகரில் பின்னர் எழுந்த பெருங்கோபுரத்தை 2023 மே மாத விடுமுறையில் நேரில் காணும் வாய்ப்புக் கிட்டியது.

தாமரை மொட்டு

கொழும்பு பெய்ரா ஏரிக்கரையில், டி. ஆர். விஜயவர்தன மாவத்தையில் இக்கோபுரம் நிற்கிறது. 2012 ஜனவரியில் கட்டுமானம் தொடங்கியது. 2019 செப்டம்பரில் அன்றைய குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன இதனைத் திறந்துவைத்தார். எனினும் பொதுமக்கள் ஏறிப் பார்க்க வாயில் திறந்தது மூன்றாண்டுகள் கழித்து, 2022 செப்டம்பரில்தான். உயரம் ஏறத்தாழ 350 மீட்டர். தென்னாசியாவின் மிக உயர்ந்த தொலைக்காட்சிக் கோபுரம் என இதனைக் கூறுவர். பிற நாடுகளின் தொலைக்காட்சிக் கோபுரங்கள் பெரும்பாலும் ஊசி போன்றோ, ஊசியில் கோத்த உருண்டை போன்றோ இருக்க, இதுவோ தண்டும் மொட்டுமாக ஒரு மலரின் உருவில் அமைந்துள்ளது. இரவில் வண்ண விளக்குகளின் ஒளி ஏரிநீரில் படியும்போது குளத்தில் ஒரு தாமரை முளைத்தது போன்ற தோற்றம் உண்டாகிறது.

உண்மையைக் கூறின், இகழ்ச்சியோடுதான் அதன் வாயிலை அடைந்தேன். கடனில் மூழ்கிய நாட்டிற்கு இத்துணைப் பெரிய பொம்மை எதற்கு என்பதே என் எண்ணம். மின்தூக்கி ஒரு சில நொடிகளில் 240 மீட்டருக்கும் மேலுள்ள காட்சி மாடத்தில் கொண்டுவிட்டது. மேற்கே கடலும் துறைமுகமும்; தென்மேற்கே காலிமுகத்திடல்; அருகே புறக்கோட்டையின் நெருக்கமான கடைத்தெருக்கள். அங்கே மலையகத்திலிருந்து வந்திருந்த தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று கண்ணாடியோரம் முட்டி மோதிக்கொண்டிருந்தது. ஒரு சிறுமி ஆசிரியையின் சேலையைப் பிடித்திழுத்து, "டீச்சர், எங்க வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். ஆசிரியை கிழக்கே கைநீட்டி, "அந்தா, அந்த மேகத்துக்கு அங்கிட்டு" என்றார். அச்சிறுமி நெடுநேரம் அத்திசையையே நோக்கிக்கொண்டிருந்தாள். சுற்றிப் பார்த்தேன். பலரும் அதையே செய்துகொண்டிருந்தனர். உலகைக் காண ஏறியவர்கள் முதலில் தேடியது தத்தம் வீட்டை. நானும் என்னையறியாமல் வடக்கே திரும்பிக் கீழக்கரை எப்பக்கம் என்று தேடியிருந்தேன். இகழ்ச்சியோடு ஏறியவன் பாதி மதிப்போடு இறங்கினேன்.

பாதி மதிப்பு எனக் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஒரு கோபுரத்தை நகரின் அடையாளம் எனக் கொண்டாடுமுன் அதனிடம் நான்கு வினாக்கள் கேட்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

முதல் வினா: என்ன ஊழியம் செய்கிறது?

பழைய கோபுரங்கள் யாவும் ஓர் ஊழியத்தின் பொருட்டு எழுந்தவை. மினாரா என நாம் வழங்கும் சொல்லின் மூலமாகிய அரபுச் சொல் ஒளியிடத்தைக் குறிப்பது. கலங்கரை விளக்கத்திற்கும் அச்சொல்லே பெயர். அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கத்தை அரபுப் பயணிகள் அப்பெயராலேயே குறித்தனர். 1326இல் அதனைக் கண்ட இப்னு பதூதா, ஒருபக்கம் இடிந்திருப்பினும் உள்ளே நுழைய முடிந்தது என்கிறார். 1349இல் மீண்டும் சென்றபோது நுழையவே இயலாதவாறு அது சிதைந்திருந்தது. நம் பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படையும் ஏணி சார்த்தி ஏறவேண்டிய உயர்ந்த மாடத்தில் இரவில் ஏற்றிய விளக்கு கடலில் வரும் கலங்களுக்குத் துறையைக் காட்டியதைக் கூறுகிறது. வழிகாட்டுதலே உயரத்தின் முதற்பணி என்பது இவற்றால் விளங்கும்.

பாரிசின் ஈபெல் கோபுரம் இதில் ஒரு நல்ல பாடம். 1889ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட அதற்கு 20 ஆண்டுகளே இசைவு அளிக்கப்பட்டிருந்தது. அதன்பின் பிரித்துவிடுவதற்கும் இடமிருந்தது. அதனைக் காத்தது அழகன்று. கம்பியில்லாத் தந்திக்கு அவ்வுயரம் பயன்பட்டமையே. காட்சிப் பொருளாகப் பிறந்து ஊழியத்தால் உயிர் பிழைத்த கோபுரம் அது.

கொழும்புக் கோபுரத்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 50 தொலைக்காட்சி நிலையங்களுக்கும் 35 பண்பலை வானொலிகளுக்கும் இடமளிப்பது என்னும் திட்டத்தோடு அது எழுந்தது. ஆனால் கோபுரம் வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், மக்கள் கம்பிவடத்திற்கும் செயற்கைக்கோள் தட்டிற்கும் பின்னர்க் கைப்பேசிக்கும் மாறிவிட்டனர். நம் நாட்டிலும் தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி ஒளிபரப்பிகளுள் மிகப்பலவற்றை 2022 வாக்கில் நிறுத்திவிட்டது. ஆகவே ஊழியத்திற்கென எழுந்த தாமரைக் கோபுரத்தை இன்று மக்கள் அறிவது காட்சிப் பொருளாகவே. ஏறிப் பார்ப்போர் தரும் கட்டணமும் நிகழ்ச்சிகளால் வரும் வருவாயும் அதற்கு இன்றியமையாதன ஆகிவிட்டன. சுற்றுலாவும் ஓர் ஊழியந்தான். அதனால் அங்கே காவலர், வழிகாட்டிகள், சிற்றுண்டிக் கடைக்காரர் எனப் பலர் ஊதியம் பெறுகின்றனர். இதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் எதற்காகக் கட்டுகிறோம் என்பது கட்டி முடிப்பதற்குள் மாறிவிடக்கூடிய காலம் இது என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாம் வினா: யாருடைய பணம்?

தாமரைக் கோபுரத்திற்கு ஆன செலவு 10 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் என்பர். அதற்கென ஒப்புக்கொள்ளப்பட்ட நிதியில் பெரும்பகுதி சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடன். 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாது என அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலேறின. 40,000 டன் அரிசி வழங்குவதாக நம் மாநில அரசு அறிவித்திருந்தது. காலிமுகத்திடலில் மக்கள் திரண்டனர்; ஜூலையில் குடியரசுத் தலைவரே நாட்டைவிட்டு வெளியேறினார். அதே ஆண்டு செப்டம்பரில் கோபுரத்தின் வாயில் பொதுமக்களுக்குத் திறந்தது.

ஒரு கோபுரத்தால் ஒரு நாடு வீழ்ந்தது என்று கூறுவது நேர்மையாகாது. அந்நாட்டின் இடர்ப்பாட்டிற்குக் காரணங்கள் பல. ஆனால் பால்மாவுக்கு வரிசையில் நிற்கும் தாயின் கண்ணுக்கு வானில் ஒளிரும் அந்த மொட்டு எவ்வாறு தோன்றியிருக்கும்? நம் இல்லங்களிலும் கடன் வாங்கித் திருமணப் பந்தலை உயர்த்துவோர் உளர். பந்தல் மூன்று நாளில் பிரிக்கப்படுகிறது. கடன் முப்பது ஆண்டுகள் நிற்கிறது. வீட்டிற்குப் பொருந்தும் நீதி நாட்டிற்கும் பொருந்தும்.

மூன்றாம் வினா: யாருடைய நிலம்?

செக் நாட்டின் தலைநகர் பிராகாவில் சிசுக்கோவ் என்னும் பகுதியில் 216 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் ஒன்று உண்டு. 1985 முதல் 1992 வரை கட்டப்பட்டது. மூன்று பெருங்குழாய்களை நிறுத்தி அவற்றில் பெட்டிகளை மாட்டியது போன்ற விந்தையான தோற்றம் கொண்டது. தாவீது செர்னி என்னும் சிற்பி வடித்த முகமற்ற குழந்தை உருவங்கள் பத்து அதன்மீது தவழ்ந்து ஏறுவனபோல் பொருத்தப்பட்டுள்ளன. முதலில் அழகற்றது எனப் பழிக்கப்பட்ட அது இன்று அந்நகரின் அடையாளங்களுள் ஒன்று. பயணிகள் குழந்தைகளைப் படம் பிடித்துச் செல்கின்றனர். ஆனால் அக்கோபுரத்திற்கு இடம் தந்தது பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தின் ஒரு பகுதி என்பதைப் பயணிகளுள் எத்தனைபேர் அறிவர்? எஞ்சிய கல்லறைகள் இன்றும் கோபுரத்தின் அடியில் ஒதுங்கி நிற்கின்றன.

கபரஸ்தானின் ஒரு சாண் நிலத்தைக்கூட அமானிதமாகக் கருதிக் காக்கும் சமுதாயத்தைச் சேர்ந்த நமக்கு இதன் வேதனை விளங்கும். அந்தக் கல்லறைகள் பிற மதத்தாருடையவை என்பதால் அவ்வேதனை குறைந்துவிடாது. ஓர் ஊரின் அடையாளம் மற்றோர் அடையாளத்தின்மீது கால் பதித்து எழுதல் கூடாது. ஏரி, மேய்ச்சல் நிலம், இடுகாடு, குடிசைப்பகுதி ஆகியவையே எப்போதும் 'காலியிடம்' எனக் கணக்கில் எழுதப்படுகின்றன. அவை காலியானவை அல்ல.

நான்காம் வினா: வாயில் யாருக்குத் திறக்கிறது?

இவ்வினாவே எனக்குத் தலையாயதாகப் படுகிறது. கொழும்புக் கோபுரம் திறக்கப்பட்டபோது உள்நாட்டினர்க்கான நுழைவுக் கட்டணம் 500 ரூபாயிலும் 2,000 ரூபாயிலும், அயல்நாட்டார்க்கு 20 டாலரிலும் அமைந்தது. எளிய குடும்பத்திற்கு 500 ரூபாயும் பெருந்தொகையே. எனினும் அச்சிறுமியைப் போன்ற பிள்ளைகள் அங்கே ஏற முடிந்தது என்பது ஆறுதல்.

நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். பாக் நீரிணையின் இக்கரையில், இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரத்தில் தொலைக்காட்சிக் கோபுரம் நிற்கிறது. நம் நாட்டின் தொலைக்காட்சிக் கோபுரங்களுள் மிக உயர்ந்தது அதுவே. கொழும்புக் கோபுரத்திற்கும் அதற்கும் உயரத்தில் 30 மீட்டர் அளவே வேறுபாடு. ஆயினும் இராமேசுவரம் செல்லும் இலட்சக்கணக்கானோர் பாம்பன் பாலத்தைக் காண்கின்றனர்; கோயிலைக் காண்கின்றனர்; அக்கோபுரத்தைத் தொலைவிலிருந்து நோக்கிவிட்டுச் செல்கின்றனர். ஏறிப் பார்க்கும் காட்சி மாடமாக அது அமைக்கப்படவில்லை. ஆரவாரமின்றித் தன் பணியைச் செய்த அக்கோபுரத்தை நான் குறை கூறேன். அது எவ்வாறு எழுந்தது, அலை எவ்வாறு பாய்கிறது என்பதை விளக்கும் ஒரு சிறு கூடமாவது அதன் அடியில் அமைந்தால் மாணவர் பயன்பெறுவர் என்பதே என் விண்ணப்பம்.

பணியில் உள்ள கோபுரத்தில் பொதுமக்களை அனுமதித்தல் இயலாது என்பாரும் உளர். சென்னை மெரினாவின் கலங்கரை விளக்கம் அவர்க்கு விடை. 1977இல் பணி தொடங்கிய அது நெடுங்காலம் பார்வையாளர்க்கு மூடிக்கிடந்து, 2013இல் மீண்டும் திறக்கப்பட்டது. கப்பல்களுக்கும் வழிகாட்டியது, பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றுக்கொண்டது. மனம் இருப்பின் மார்க்கம் உண்டு.

வாயில் திறந்திருப்பதோடு கட்டுவோரின் மனமும் திறந்திருத்தல் வேண்டும். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களுள் மிக உயர்ந்தது 131 அடி. அதனைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். கொழும்புப் புறக்கோட்டையில் செங்கல் நிறமும் வெள்ளையும் வரிவரியாக மிளிரும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடிக்கப்பெற்றது. அங்கு வணிகம் செய்த இந்திய முஸ்லிம்களின் முயற்சியால் எழுந்தது அது. துறைமுகத்தை அணுகும் மாலுமிகள் அப்பள்ளியைக் கண்டே கொழும்பு வந்துவிட்டது என அறிந்தனர் என்பர். தாமரைக் கோபுரத்திற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே அந்நகரின் அடையாளமாக நின்றது, நம் கரையிலிருந்து சென்றோர் தம் உழைப்பில் எழுப்பிய ஒரு தொழுகைக்கூடம்! அதனைக் கட்டியவர்கள் அடையாளம் தேடிக் கட்டவில்லை. தொழுவதற்குக் கட்டினர், அடையாளம் தானே வந்து சேர்ந்தது.

நம் பகுதிக்கு என்ன வேண்டும்?

இனி அம்பத்தூர் மாணவரின் வினாவிற்கு வருவோம். நம் பக்கத்தில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

1955இல் காங்கிரசு மாநாடு கூடிச் சமதர்ம முறைச் சமுதாயம் என்னும் தீர்மானத்தை நிறைவேற்றிய ஊர் ஆவடி. 1961 முதல் கனரக வாகனத் தொழிற்சாலையைத் தாங்கி, நாட்டின் எல்லையைக் காக்கும் பீரங்கி வண்டிகளை உருவாக்கி அனுப்பும் ஊர் அது. சென்னை வானொலியின் ஒலியைத் தொலைதூரத்திற்குக் கொண்டு சேர்த்த ஒலிபரப்புக் கம்பங்களும் ஆவடிப் பக்கம் நின்றவையே. இரவில் அவற்றின் உச்சியில் எரியும் செவ்விளக்கைக் காட்டி என் வாப்பா, "அதோ பார், ரேடியோ அங்கேருந்துதான் பேசுது" என்று கூறியதுண்டு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் எழுந்து, தென்மாவட்டங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்டது. நம் மாணவருள் பலர் அவ்வாறு வந்தோரின் பேரப்பிள்ளைகளே. பூவிருந்தவல்லியோ மிகப் பழைய ஊர். மெரினாவின் கலங்கரை விளக்கத்திலிருந்து அவ்வூர்வரை மெட்ரோ தொடர்வண்டியின் நான்காம் வழித்தடம் வகுக்கப்பட்டிருப்பது எனக்கு ஓர் அழகிய தற்செயலாகத் தோன்றுகிறது.

இவையெல்லாம் ஏட்டில் இருக்கட்டும், அண்ணாந்து பார்க்க ஒன்று வேண்டாமா என மாணவர் கேட்கலாம். அதற்கும் விடை உண்டு. அம்பத்தூருக்கு அண்மையில் அண்ணா நகர்ப் பூங்காவில் விசுவேசுவரையா கோபுரம் நிற்கிறது. 1968இல் நடைபெற்ற பன்னாட்டு வணிகத் தொழிற் கண்காட்சிக்காக எழுப்பப்பட்டது. உயரம் 135 அடி. நாகூரின் பெரிய மினாராவைவிட நான்கடியே மிகுதி. மேலே செல்லச் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை. சில துயர நிகழ்வுகளின் பின்னர் 2011இல் அதன் வாயில் அடைக்கப்பட்டது. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்ததும் அதே ஆண்டில்தான். பன்னிரண்டு ஆண்டுகள், ஒரு தலைமுறை மாணவர் அதனைக் கீழிருந்தே பார்த்து வளர்ந்தனர். 2023 மார்ச்சில், பாதுகாப்புக் கம்பிவலைகள் அமைக்கப்பெற்று அது மீண்டும் திறக்கப்பட்டது. புதிதாகக் கட்டவில்லை, கடன் வாங்கவில்லை, எவர் நிலத்தையும் எடுக்கவில்லை. இருந்ததைப் பழுதுபார்த்துப் பூட்டைத் திறந்தனர். அவ்வளவே.

ஆகவே என் கருத்து இதுவே. நம் மேற்குப் புறநகருக்குத் தாமரைக் கோபுரம் போன்ற பெருங்கோபுரம் ஒன்று வேண்டும் என்னும் ஆசையை நான் பழிக்கவில்லை. ஊர்மீது பற்றுள்ளவனுக்கே அவ்வாசை தோன்றும். ஆனால் அதற்கு முன்னர்ச் செய்யத்தக்கன சில உள. வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் தம் கோபுர வளாகங்களை ஆண்டிற்கு ஒருநாளேனும் மாணவர்க்குத் திறந்து காட்டலாம். 2019இல் தனி மாநகராட்சியாக உயர்ந்த ஆவடி, தன் வரலாற்றை விளக்கும் சிறு காட்சிக்கூடம் ஒன்றை அமைக்கலாம். கல்லூரித் தமிழ்த்துறைகள் அவரவர் பகுதியின் ஊர்ப்பெயர், தொழில், ஏரி, வழிபாட்டிடம் ஆகியவற்றின் வரலாற்றை மாணவரைக் கொண்டே திரட்டலாம். நம் துறை அதனைத் தொடங்க வேண்டும் என இம்மலர் வாயிலாக வேண்டுகின்றேன். சமுதாயப் பெரியோர் ஒரு பேருந்துச் செலவை ஏற்றுக்கொண்டால், கோபுரம் எதிலும் ஏறியறியாத பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். இவற்றிற்கெல்லாம் அயல்நாட்டு வங்கியின் கடன் தேவையில்லை.

கொழும்பிலிருந்து திரும்பிய பின்னர், அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு மாலை, அன்று வினா எழுப்பிய மாணவர்களை அண்ணா நகர்க் கோபுரத்திற்கு அழைத்துச் சென்றேன். 350 மீட்டரைக் கைப்பேசியில் கண்டவர்களுக்கு 135 அடி சிறிதாகத் தோன்றுமோ என்னும் ஐயம் எனக்கிருந்தது. பேசிக்கொண்டே ஏறினர். உச்சியை அடைந்ததும் பேச்சு நின்றது. கம்பிவலையின் ஊடே மரங்களும் மாடிகளும், பாடி மேம்பாலத்தின் பக்கம் ஊர்ந்து செல்லும் வண்டிகளும் தெரிந்தன. மேற்கே கதிரவன் இறங்கிக்கொண்டிருந்தான்.

ஆவடி மாணவர் கம்பியைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் மேற்கையே நோக்கி நின்றார். பின்னர் அருகில் நின்ற தோழரைத் தட்டி அழைத்தார்.

"டேய், அந்தப் பக்கம் பாரு. அங்கதாண்டா எங்க ஊரு, ஆவடி" என்றார்.